வேலை முடிந்த பிறகு வருகிறவர்

ஊரில் ஒரு வேலை தொடங்குவதற்கு முன்னால் சிலர் வருவார்கள், வாக்குக் கொடுப்பார்கள். நடக்கும்போது சிலர் வருவார்கள், தெருவைத் தோண்டுவார்கள். இந்த இரண்டு கூட்டமும் கலைந்து, மண் இறுகி, தோண்டியவனுக்கே எந்த இடத்தில் தோண்டினோம் என்று மறந்துபோன பிறகு, தலையில் தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக நிதானமாக ஒருவர் வருவார் பாருங்கள், அவர்தான் மதிப்பீட்டாளர். கடலோர ஊர்களில் நண்டு, நாரை போல இதுவும் ஓர் இனம். எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் கழிவுநீர்க் குழாய் பதித்த நாளிலிருந்து இந்த இனத்தை நான் கவனித்து வருகிறேன்.

அடையாளம் சுலபம். மற்ற மனிதர்கள் கடலைப் பார்ப்பார்கள், இவர் சாக்கடை மூடியைப் பார்ப்பார். பூட்ஸ் குதிகாலால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். மூடி என்ன சொல்லிற்றோ தெரியாது, இவர் தலையை ஆட்டுவார். மூக்கை உயர்த்தி ஒரு முறை முகருவார். பிறகு "பொதுவாக நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தப் 'பொதுவாக' என்ற சொல் இல்லாவிட்டால் இந்த இனமே பிழைத்திருக்காது. வாய்க்காலில் வாத்து மிதந்தால் திட்டம் வெற்றி; வாத்து செத்து மிதந்தால் பொதுவாக வெற்றி.

கேள்வி கேட்பது இவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. முன்பு வந்த ஒருவர், எங்கள் சந்தில் வலை பின்னுகிற காங்கிடம் போய், திட்டத்துக்கு முன்னால் உங்கள் குழந்தைகளுக்கு மாதம் எத்தனை முறை வயிற்றுப்போக்கு, திட்டத்துக்குப் பின்னால் எத்தனை முறை என்று கேட்டார். காங்குக்கு அறுபது வயது, கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் கேட்டவர் மனம் நோகக்கூடாது என்று, "இப்ப ரொம்பக் குறைஞ்சிடுச்சுங்க சார்" என்று சொன்னான். அவரும் சந்தோஷமாகப் போனார்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இவர்கள் எப்போதும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் வருவார்கள். அவர்களாக வருவதில்லை, அழைத்துவருகிறவர்கள் பார்த்து அழைத்துவருகிறார்கள். பெருக்கு நேரத்தில் எங்கள் சந்தைப் பார்த்த மதிப்பீட்டாளர் எவரும் இல்லை.

பெருக்கு நேரத்தில் என்ன நடக்கும் என்கிறீர்களா? குழாய் பெரிய தெருவோடு நின்றுவிட்டது. எங்கள் சந்துக்குள் பழைய திறந்த சாக்கடைதான். கடல் ஏறினால் அதிலிருப்பதெல்லாம் திரும்பி வந்து, சந்தின் தாழ்ந்த கோடியில் மீன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் தியெப்பின் அடுப்படியில் நிற்கும். தியெப் என் தம்பி மருமகள். சுகாதாரத்துக்காரர்கள் வந்து பார்த்து, தேத் புத்தாண்டுப் பண்டிகைக்குள் இது சரியாகாவிட்டால் கடையை மூடு என்று சொல்லிவிட்டார்கள். குழாயின் இரண்டாம் கட்டம் எந்தச் சந்துக்குப் போகும் என்பது தலைநகர் ஹனோயிலிருந்து வரப்போகிற தோவன் என்கிற மதிப்பீட்டாளர் எழுதுவதைப் பொறுத்தது. கஷ்டம் இருக்கும் இடத்துக்குத்தான் குழாய். ஆக, அவர் வந்து எங்கள் கஷ்டத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு எளிய விஷயம்.

எளிய விஷயமென்றால் நாங்கள் கெடுத்துவிடுவோம். வருகிறவர் விருந்தாளி அல்லவா? சந்துத் தலைவர் மாவ், என் சகலையின் தங்கை மகன், விடிந்ததும் வீடு வீடாகப் போனான். யாரும் இன்று மீன் கழுவக்கூடாது. சாக்கடைமேல் பலகை போட்டு மறைக்க வேண்டும், பலகைமேல் பூந்தொட்டி வைக்க வேண்டும். வாசலுக்கு வாசல் ஊதுபத்தி.

"மாவ் அண்ணே, நாத்தத்தைக் காட்டத்தானே அவர வரச்சொல்லியிருக்கு?" என்றாள் தியெப்.

"அதுக்கு? வீட்டுக்கு வர்றவர் முன்னாடி அழுக்குத் துணிய விரிச்சுப் போடுவியா?"

"துவைக்கிறவரே வர்றாருண்ணே."

"துவைக்கிறவரோ யாரோ, ஹனோய்லேர்ந்து வர்றாரு. தொட்டிய எடுத்து வை."

வைத்தாள். நானும் இரண்டு தொட்டி தூக்கிக் கொடுத்தேன்.

தோவன் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, வியர்த்துக் கொட்டுகிற முகம். மூடியைத் தட்டினார், முகர்ந்தார், ஊதுபத்தி வாசனையில் தும்மினார். எவ்வளவு திருப்தி என்று விரலால் காட்டுங்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை, என்றார். சந்து முழுக்க ஐந்து ஐந்தாக விரிந்தது. காங் ஒருவன்தான் மூன்று காட்டினான்.

"ஏன் மூணு? என்ன குறை?" என்று ஆவலாகக் கேட்டார்.

"கையில இருக்கறதே அவ்வளவுதான் சார். மீதிய படகு எஞ்சினுக்குக் குடுத்துட்டேன்."

தியெப்பின் முறை வந்தது. அடுப்பை நம்பிப் பிழைக்கிறவள், இவளாவது ஒரு விரலை மடக்குவாள் என்று பார்த்தேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, எப்படி வேர்க்குது சார் உங்களுக்கு" என்று சொல்லி ஐந்தையும் காட்டிவிட்டு, சாப்பிட்டுப் போகலாம் என்று உள்ளே அழைத்தாள்.

வீட்டு முன்னறைதான் கடை. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். நூடுல்ஸ் வந்தது, தேநீர் வந்தது, மாவ் ஒரு பேச்சு ஆரம்பித்து முடிக்காமல் இன்னொன்று ஆரம்பித்தான். நேரம் போனது. கடலுக்கு மாவின் பேச்சு கட்டுப்படுமா? ஏறத் தொடங்கிவிட்டது.

முதலில் வாசலில் பளபளத்தது. பிறகு மேசைக்கடியில் வந்தது. மாவ் குரலை உயர்த்தி இந்த வருடம் தேத் பூ முன்னமே பூக்கும் போலிருக்கிறது என்றான். காங் தன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது எப்போதும் அங்கேதான் உட்காரும் என்பது போலத் தடவினான். தியெப் கணுக்கால் தண்ணீரில் நின்று, "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். விருந்தாளி மட்டும் சும்மாவா? அவரும் மரியாதை தெரிந்தவர். ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு காலையும் வைத்தார். அவருடைய பூட்ஸ் ஒன்று உள்ளே மிதந்து வந்து எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனது. நல்ல சூப் என்றார்.

இப்படியே அவர் எழுந்து, தண்ணீரையே பார்க்காதவராக விடைபெற்றுப் போயிருப்பார். தியெப்பின் அடுப்பும் அன்றோடு போயிருக்கும். நடுவில் அவர் ஒரு பச்சை மிளகாயை எடுத்தார். வடக்கத்திக்காரர்கள் மிளகாயைத் தண்ணீர்ப் பாம்பு மாதிரி பார்ப்பார்கள். இவரோ காம்பைப் பிடித்து, ஒரு வாய் நூடுல்ஸுக்கு ஒரு கடி என்று கடித்தார்.

"மிளகாய் இப்படிக் கடிக்க யாரு சார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தாங்க. இந்த ஊர்ப் பக்கந்தான் அவருக்கு. அம்பத்திநாலுல நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப கப்பலேறி வடக்க வந்துட்டாரு."

"பேரு?"

"லூயென்."

"காது பெரிசா இருக்கும். பேசறப்ப மூக்கைச் சொறிவாரா?"

"கடைசி வரைக்கும் சொறிஞ்சாரு" என்றார்.

அந்தக் கப்பலுக்கு வழியனுப்பப் போன கூட்டத்தில் நானும் பொடியனாக நின்றேன். பக்கத்தில் என் சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

"லூயென் எங்க சித்தியோட கூடப்பிறந்த அண்ணன்டா. நீ எனக்கு மருமகன் முறை."

தியெப் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இவரு விருந்தாளி இல்லையா?"

"உனக்குத் தம்பி முறை."

அவ்வளவுதான். விருந்தாளிக்குச் சிரித்த முகம்; உறவுக்காரனுக்கு உள்ளதெல்லாம். நாங்கள் அப்படித்தான்.

"டேய் தம்பி, கண்ணு இருக்கா உனக்கு? காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நல்ல சூப்புங்கறே. உள்ள வாடா. பாரு இத. அடுப்புல மிதக்குதே, இது என்னன்னு கேளு. கேக்க மாட்டியா? சாக்கடைடா. மாசத்துக்குப் பாதி நாள் இதுல நின்னுதான் சமைக்கிறேன். தேத்துக்குள்ள கடைய மூடச் சொல்றாங்க. என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் யாரு சோறு போடுவா, நீ போடுவியா?"

காங், "முன்ன வந்தவர்கிட்ட குழந்தைக்கு வயித்துப்போக்கு குறைஞ்சிடுச்சுன்னு நான் சொன்னது பொய். எனக்குத்தான்" என்றான். மாவ்தான் எல்லாரையும் மிஞ்சினான். வெளியே ஓடித் தொட்டிகளைத் தூக்கி எறிந்து, பலகையைப் பிடுங்கி, "மோந்து பாருங்க மாப்ளே, ஊதுபத்தி இல்லாம மோந்து பாருங்க" என்று கத்தினான்.

தோவன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். முழங்கால்வரை இருந்தது.

"உறவுக்காரங்க சொன்னத நான் எழுத முடியாதுங்க மாமா" என்றார், பாவமாக. "ஆனா என் கால் நனைஞ்சத எழுதலாம்." பூட்ஸைத் தேடப் போனவர் அடுப்படியையும் குளியலறையையும் பின்கட்டையும் அளந்துவிட்டுத்தான் திரும்பினார். கடல் இறங்கும்வரை இருந்தார்.

தேத்துக்கு முன்பே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். சுகாதாரத்துக்காரர்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தவணை கொடுத்தார்கள். இப்போது பெருக்கு நாளிலும் தியெப் உலர்ந்த தரையில் நின்று சூப் ஊற்றுகிறாள். எங்களுக்குத்தான் வேலை அதிகமாகிவிட்டது. குழாய் கொஞ்சம் மேடாகப் போய்விட்டது என்கிறான் மாவ். சிமெண்டின் நிறம் சரியில்லை என்கிறான் காங். நான் ஒன்றும் சொல்வதில்லை. பொதுவாக நல்லாத்தான் இருக்கு என்பதோடு சரி.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. உறவுக்காரர் புது வீட்டுக்கு விருந்துக்குப் போனால் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்க்கிறவர் யார்? சுவரை விரல் முட்டியால் தட்டி, "இந்தக் கொத்தனாரையா வச்சீங்க?" என்கிறவர் யார்? நான் அப்படி இல்லை என்று சொல்லுவீர்கள். நம்புகிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, நடுவில் கொஞ்சம் இழுத்துவிட்டான் கிழவன், முடிவு தேவலை என்று மனதுக்குள் ஏதோ எழுதிக்கொண்டீர்களே, அது என்ன? எனக்கு வருத்தமில்லை. எத்தனை விரல் என்று மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்.