மூன்றாம் எண்ணின் கணவர்

ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். வரி மாறவில்லை.

"இணையவழித் தேர்வு நடந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்து, 'என் கண்ணாடி எங்கே?' என்று கேட்பார். பெரும்பாலும் அது அவர் நெற்றியில்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது, ஆய்விதழ் ஒன்று அவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரை. ஒரு கட்டுரை அச்சாவதற்கு முன்னால் அதே துறைக்காரர்கள் இரண்டு பேர் படித்துத் தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. முகம் காட்டாமல் அடுத்தவர் தலையில் குட்டும் இந்த ஏற்பாட்டில் பேராசிரியருக்கு அலாதிப் பிரியம். இருபது வருடமாகக் குட்டி வருபவர். குட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை.

தொலைநிலைக் கல்வியில் இறுதியாண்டு வரை வந்துவிட்ட பதினொரு பெண்களைப் பற்றிய கட்டுரை அது. வீட்டில் என்னென்ன இடைஞ்சல்களைத் தாண்டி வந்தோம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பெயர்கள் கிடையாது, எண்கள்தான்.

"பங்கேற்பாளர் எண் மூன்று: வயது நாற்பத்தொன்று. ஒரே மகள், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வயதான தந்தை உடன் வசிக்கிறார். கணவர் கல்வித் துறையில் பணி."

பேராசிரியரின் மனைவிக்கு வயது நாற்பத்தொன்று. ஒரே மகள் விடுதியில். மாமனார், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர், பக்கத்து அறையில் செய்தித்தாளின் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தார். மனைவி தொலைநிலையில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தது எப்போது? பேராசிரியர் விரல்விட்டு எண்ணினார். இது மூன்றாவது வருடம். இறுதியாண்டு!

அவசரமாக மேலே படித்தார்.

"வீட்டில் முதுகு வலிக்காத நாற்காலி ஒன்றுதான். அது அவருடையது. விருந்தாளிகள் வந்தால், 'இவளை நான்தான் படிக்க வைக்கிறேன்' என்பார். என்ன படிக்கிறாள் என்று அவர்கள் கேட்டால் என்னைக் கூப்பிடுவார்."

பேராசிரியர் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவள் என்ன படிக்கிறாள்? வரலாறா? வணிகவியலா? நிச்சயமாக ஏதோ ஒன்று. சேர்ந்த அன்றைக்குச் சொன்னாள்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இவர் புரட்ட முடியாது. வீட்டிலிருந்து படிக்கும் பெண்களின் குடும்பச் சூழல் என்றால் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். அது பற்றியே ஒன்பது கட்டுரை எழுதியவர். பல்கலைக்கழகத்தில் பெண் கற்போர் நலப் பிரிவு என்று புதிதாக ஒன்று வரப்போகிறது. அதற்கு இவர்தான் தலைவர் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். தேர்வுக் குழுவின் நான்கு பேரும் இந்த ஆய்விதழை வரி விடாமல் படிப்பவர்கள். நான்கு பேரும் இந்த வீட்டுக்கு வந்து, இவர் நாற்காலியில் சாய்ந்தபடி 'நான்தான் படிக்க வைக்கிறேன்' என்று சொன்னதைக் காதால் கேட்டவர்கள். இது அச்சானால் பதவியும் போச்சு, மானமும் போச்சு.

துறையில் புள்ளியியல் நடத்துபவரைத் தொலைபேசியில் பிடித்தார். எல்லோரும் அவரைச் 'சராசரி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையில நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்தா என்ன செய்யணும்?"

"விலகிடணும் சார். பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் போட்டா போதும்."

"காரணம் எழுதணுமா?"

"கண்டிப்பா. ஆள் யாரு, நமக்கு என்ன உறவுன்னு தெளிவா எழுதணும்."

"ரொம்ப நெருங்கின உறவா இருந்தா?"

"எவ்வளவு நெருக்கம்?"

"ஒரே வீடு."

"அடடா! யாரு சார், உங்க மாமனாரா?"

பேராசிரியர் தொலைபேசியை வைத்துவிட்டார். விலகினால் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். இருந்துகொண்டேதான் காரியத்தை முடிக்க வேண்டும். அன்றைக்கே அறிக்கை எழுதினார்: "எண் மூன்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. கணவரின் தரப்பு கேட்கப்படவே இல்லை. எவ்வளவோ வேலைகளுக்கு நடுவில் குடும்பத்தைத் தாங்கும் ஒரு நல்ல மனிதரை..." கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. கூடவே எழுதியவரின் பதில்: "மதிப்பீட்டாளருக்கு மனமார்ந்த நன்றி. ஆதாரம் போதாது என்பது மிகச் சரியான கருத்து. ஆகவே எண் மூன்றை மறுபடியும் சந்தித்து மூன்று மணி நேரம் பேசினோம்."

அரைப் பக்கம் நான்கு பக்கமாகியிருந்தது. போதாக்குறைக்கு ஓர் அட்டவணை. ஒரே வாரத்தில், வகுப்பு நேரத்தில், கணவர் கதவைத் திறந்தது நாற்பத்தாறு முறை. ஏதாவது பொருளைத் தேடி இருபத்தெட்டு. 'சும்மாதான்' பதினொன்று. 'வகுப்பு நடக்குதா?' என்று கேட்க ஏழு.

"நாப்பத்தாறா!" வாய்விட்டே கத்திவிட்டார்.

"என்னங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல! வந்து... என் பேனா எங்க?"

"சட்டைப் பையில."

இருபத்தெட்டு, இருபத்தொன்பதானது. பேராசிரியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த முறை தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. "எண் மூன்று மற்ற பத்துப் பேரோடு ஒட்டவே இல்லை. அவரை முழுவதுமாக நீக்கிவிடுவது கட்டுரைக்கு நல்லது" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். நிம்மதி ஒரு மாதம் நீடித்தது.

"மதிப்பீட்டாளரின் கூர்ந்த பார்வைக்குத் தலைவணங்குகிறோம்" என்று தொடங்கியது பதில். "எண் மூன்று தனித்து நிற்பதை நாங்கள் கவனிக்கத் தவறிவிட்டோம். ஆகவே அவருடைய கணவரையே மையமாக வைத்துக் கட்டுரையைத் திருத்தி எழுதியிருக்கிறோம்."

தலைப்பும் மாறியிருந்தது: 'என் கண்ணாடி எங்கே?' - தொலைநிலைக் கல்வியில் இறுதியாண்டு வரை வந்த பெண்களின் இல்லச் சூழல்.

இன்னொரு மதிப்பீட்டாளர் புண்ணியவான் அதற்குக் கீழே எழுதியிருந்தார்: "பிரமாதம். இந்தக் கணவரைப் பற்றித் தனி நூலே போடலாம்."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டுரையை மாற்ற முடியவில்லை. இனி கட்டுரையில் இருக்கும் ஆளைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை மனைவி எழுந்து வந்தபோது பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இரண்டு கோப்பைகளுக்குக் காது போயிருந்தது. ஆனாலும் சுத்தமாக இருந்தன.

"என்னங்க இது? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"ஏன், நான் கழுவக் கூடாதா? உனக்கு எவ்வளவு வேலை! நீ போய்ப் படி."

"என்னத்தப் படிக்க?"

"பாத்தியா, பேச்சுல நேரம் போகுது." அவளைத் தள்ளாத குறையாக அறைக்குள் அனுப்பினார். தம்முடைய நாற்காலியையும் தூக்கிவந்து உள்ளே போட்டார். கணினியை அவள் முன்னால் வைத்தார். கதவைச் சாத்தி, வெளியே காவலுக்கு உட்கார்ந்தார். மாமனார் லேசாக இருமியதற்கு, "உஷ்! வகுப்பு நடக்குது மாமா!" என்று அதட்டினார். மாமனார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மருமகனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி வெளியே வந்தாள். கன்னத்தில் தலையணைத் தடம். பேராசிரியருக்கு அதில் வியப்பில்லை. இணையவழி விரிவுரைகளின் விளைவுகளை நன்கு ஆராய்ந்தவர் அவர்.

"வகுப்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப நாளாச்சு இப்படி" என்றாள் அவள். முகம் தெளிவாக இருந்தது.

இப்படியே மூன்று வாரம். ஒரு முறை, ஒரே ஒரு முறைகூட அவர் அந்தக் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியைத் தேடி அரை நாள் வீட்டைச் சுற்றினார், வாயைத் திறக்கவில்லை. மனைவி நன்றாகத் தூங்கி நன்றாகச் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். இத்தனையும் பதிவாக வேண்டாமா? அறிக்கையில் எழுதினார்: "கடந்த சில வாரங்களில் கணவரிடம் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று எண் மூன்றிடம் அவசியம் கேட்கவும். கட்டுரையின் முடிவே மாறக்கூடும்."

பதில் சனிக்கிழமை மதியம் வந்தது. பேராசிரியர் ஆவலோடு அச்செடுத்து, நின்றபடியே படித்தார்.

"மதிப்பீட்டாளர் சொன்னபடி கேட்டோம். எண் மூன்று வெகுநேரம் சிரித்தார். பிறகு, துளிகூட மாற்றம் இல்லை என்றார்."

கீழே பதிப்பாசிரியரின் குறிப்பு: "கட்டுரை ஏற்கப்பட்டது. வரும் இதழின் முதல் கட்டுரை இதுவே."

பேயறைந்தது போல நின்றார். பதவி போனது கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. துளிகூட மாற்றம் இல்லையாமே! கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்த விரல்களைப் பார்த்தார். கோபம் தலைக்கேறியது. ரகசியமாவது ஒன்றாவது என்று கட்டுரையோடு கூடத்துக்குப் பாய்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் ஜன்னலோரத்தில் இருந்தார்.

"மூணு வாரமா நாயா உழைச்சேன். கதவத் திறந்தேனா? பேனா எங்கன்னு கேட்டேனா? உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"என்னங்க ஆச்சு?"

"சிரிச்சியாமே! வெகுநேரம் சிரிச்சியாமே!"

"எப்போ? யார்கிட்ட?"

"அந்த ஆராய்ச்சிக்காரங்ககிட்ட! எல்லாம் இதுல இருக்கு. ஊரே படிக்கப்போகுது. நலப் பிரிவுத் தலைவர் வீட்டு லட்சணம் சந்தி சிரிக்கப்போகுது. என் வேலைக்கே உலை வெச்சிட்டியே!" தாள்களை மேசைமேல் வீசினார். பாதி தரையில் விழுந்தது. மாமனார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அச்சடித்த தாள் கையில் வந்ததால் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மனைவி அட்டவணை இருந்த பக்கத்தை எடுத்தாள். நின்று, நிதானமாக, வரி வரியாகப் படித்தாள். அவள் கோபப்படுவாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்றெல்லாம் பேராசிரியர் எதிர்பார்த்தார். அவள் முகத்தில் வந்தது என்னவோ பொறாமை மாதிரி இருந்தது.

"இவர் பரவால்லையேங்க."

"யாரு?"

"இந்த வீட்டுக்காரர்தான். ஒரே வாரத்துல ஏழு தடவ 'வகுப்பு நடக்குதா'ன்னு கேட்டிருக்காரே."

"விளையாடாத. இது நான்தானே? மூணாம் நம்பர் நீதானே?"

"நானா?" என்றாள் அவள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமனார் தலைப்பில் 'இறுதியாண்டு வரை வந்த' என்ற சொற்களின் கீழே சிவப்பாக ஒரு கோடு போட்டார், பேனாவை மூடினார்.

"மாப்பிள்ளை, இது கடைசி வருஷம் வரைக்கும் படிச்சவங்க கதை. இவ முதல் வருஷமே நின்னுட்டா. அதைச் சொல்ல உங்க ரூமுக்கு வந்தா. நீங்க பொம்பளைங்க ஏன் பாதியில படிப்ப விடுறாங்கன்னு கட்டுரை எழுதிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ணாதேன்னு நான்தான் திருப்பிக் கூட்டிட்டுப் போனேன்."