கட்டியில் அழகு காண்பவர்

புற்றுநோயை ஆராய்கிறவர்களில் ரசிகர் என்றொரு இனம் உண்டு. நிலாவைப் பார்த்து நீங்கள் சொக்குவதுபோல, இவர் நுண்ணோக்கியில் பெருங்குடல் கட்டியைப் பார்த்துச் சொக்குவார். "அடடா, என்ன அழகு" என்பார்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் லோவெல் புரூயிட் இந்த இனத்தில் சுத்த ரகம். குடல் சுவரிலிருந்து கழன்று, வயிற்று நீரில் மிதந்து, தனியே போனால் செத்துவிடுவோம் என்று ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு மரபணு விழித்துப் பசை சுரக்க, வயிற்றின் உள்சவ்வில் ஒட்டி, அங்கிருக்கும் கொழுப்பைத் தின்றே குடித்தனம் நடத்தும் அந்தச் செல்களை, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளைப்போல வாயாரப் புகழ்வார். சொந்தப் பிள்ளைகளை இப்படிப் புகழ்ந்ததுண்டா? கிடையாது. அவர்கள் எந்த வேலையிலும் ஒட்டவில்லை.

நன்றி சொல்லும் திருநாளன்று வான்கோழியின் வயிற்றைத் திறந்தவர், கத்தி நுனியில் கொழுப்பைத் தூக்கிக் காட்டி, இங்கேதான் முதலில் வந்து ஒட்டும் என்று ஆரம்பித்தார். "லோவெல், பேசாம வெட்டுங்க" என்றார் மனைவி லோயிஸ். அன்றைக்கு மேசையில் உருளைக்கிழங்கு மட்டும்தான் தீர்ந்தது.

போன ஏப்ரலில், ஆய்வுக்குத் தங்கள் கட்டியைக் கொடுத்த நோயாளிகளுக்கு டோனட்டும் காப்பியும் வைத்து நன்றி சொல்லும் கூட்டம் நடந்தது. திரையில் ஒரு படம் விழுந்ததும் டாக்டருக்குக் குரல் தழுதழுத்தது. இவ்வளவு அழகான பரவலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பெயரைச் சொல்ல விதி இடம் தராது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி என்று மட்டும் சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் பேருந்து ஓட்டியவர் ஒருவர்தான். எல்லாத் தலைகளும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. மார்லீன் கோவாச் டோனட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னை அழகுன்னு யாராவது சொல்லி முப்பது வருஷம் இருக்கும், டாக்டர். வெட்டி எடுத்துட முடியுமா? வர்ற கோடைக்கு நான் இருப்பேனா?"

மேலும் ஆராய வேண்டும் என்று சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். பழக்கம். ஆனால் முதல் தடவையாகத் திரைக்கு முதுகைக் காட்டி நின்றதில், மார்லீனின் மெலிந்த மணிக்கட்டில் கடிகாரம் தொளதொளவென்று தொங்குவது கண்ணில் பட்டுவிட்டது. டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியலைம்மா" என்றார்.

முப்பது வருஷம் என்று மார்லீன் சொன்ன இடம் அருமை என்று நீங்களும் மெல்லத் தலையாட்டினீர்கள், நான் பார்த்தேன். அவர் கோடைக்கு இருந்தாரா என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லையே?