மகாராணி கேத்தரின் திரும்பிப் பார்க்காமல் போன விவகாரம்

விதர்பி கிராமம்,
ஸ்டாம்ஃபோர்டு வழி.
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஏவரில் அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஹெஸ்டரின் கணவன் கிளிஃபோர்டு பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் பூனையும் நலம். தங்கள் முழங்கால் வலியும் ரோஜாச் செடிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். சனிக்கிழமையிலிருந்து ஹெஸ்டர் பீட்டர்பரோவில் தங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வெல்வெட் அங்கியும் தலையில் முத்துக் குல்லாவுமாக ஒரு பெண்மணி ரயில் ஏறினால் ஊருக்குத் தெரியாமலா போகும்?

நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை விதர்பி மாளிகையில் நாங்கள் ட்யூடர் ராணிகள் தினம் கொண்டாடுவது தங்களுக்குத் தெரியும். ஆறு ராணிகளை அடுத்தடுத்துக் கட்டிக்கொண்ட எட்டாம் ஹென்றி மகாராஜா வேஷம் பத்தொன்பது வருஷமாக என்னுடையது. வயிற்றில் தலையணை கட்டத் தேவையில்லாத ஒரே ஆள் நான்தான் என்று பொறுப்பாளர் பெட்டிஃபர் எல்லோர் முன்னாலும் சொல்வார், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹெஸ்டர் இரண்டாவது ராணி ஆன் போலின். வருஷா வருஷம் மூன்றே கால் மணிக்கு அவள் தலையை வெட்டச் சொல்லி உத்தரவு போடுவேன், ஐந்து மணிக்கு இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போய் முட்டையும் ரொட்டியும் சாப்பிடுவோம். ஒரு குறையும் இருந்ததில்லை. ஒரே ஒரு சட்டம்தான்: வேஷம் போட்டுவிட்டால் நான்கு மணிக்கு மணி அடிக்கும்வரை அதை விட்டு வெளியே வரக்கூடாது. போன வருஷம் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தபோதுகூட, "வைத்தியனைக் குதிரையில் அழைத்து வாருங்கள்!" என்றுதான் கத்தினேன். நல்லவேளை, யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

பிப்ரவரியில் நடந்த விழாக் குழுக் கூட்டத்தில்தான் வினை பிடித்தது. இப்போது வருகிற ஜனங்கள் ராணிகளைப் பற்றி நம்மைவிட அதிகம் படித்துவிட்டு வருகிறார்கள், அண்ணி. பெட்டிஃபர் அவர்கள் எழுதிய கடிதக் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "ஆன் போலின் சாகும்போது முப்பது சொச்சம் வயசுதானாம். நம்ம ஹெஸ்டருக்கு அறுபத்து மூணு. ஜனங்க கேக்கறாங்கய்யா, நான் என்ன பண்ண?" என்றார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் டாம்சின் என்ற பெண்ணை ஆன் போலின் ஆக்கலாம், ஹெஸ்டரை முதல் ராணி கேத்தரின் ஆக்கலாம் என்று முடிவாயிற்று. கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஐந்து கை மேலே இருக்கும்போது ஆறாவது கை மட்டும் மடியில் கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

வீட்டுக்கு வந்து நல்ல சேதியாகத்தான் சொன்னேன். "உனக்குப் பதவி உயர்வு ஹெஸ்டர்! மூத்த ராணி, பட்டத்து ராணி!" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க கை தூக்கினீங்களா?" என்று கேட்டாள். ஒருமனதான தீர்மானம் என்றேன். "டீ ஆறுது, குடிங்க" என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

அதற்குப் பிறகு மூன்று மாதம் நூலகத்துப் புத்தகமும் கையுமாக இருந்தாள். உங்களைப் பார்க்க என்று வந்தபோதெல்லாம் உங்கள் ஊர்க் கதீட்ரலுக்குப் போய், அங்கிருக்கும் கேத்தரின் ராணியின் கல்லறையில் அந்த ராணியின் சின்னமான மாதுளம்பழம் வைத்துவிட்டு வந்தாளாம். "இத்தனை நூறு வருஷம் கழிச்சும் அந்த அம்மாவுக்குப் பழம் வைக்கிறாங்க. உங்க ஹென்றிக்கு யாராவது ஒரு வாழைப்பழம் வைக்கிறாங்களா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டரை மணி. விசாரணைக் காட்சி. ராஜா தன்னைத் தள்ளிவைக்கப் பார்க்கிறார் என்று தெரிந்து கேத்தரின் நீதிமன்றத்தில் மண்டியிட்டு நியாயம் கேட்கிற இடம். கூடம் நிறைய ஜனம். நான் சிம்மாசனத்தில், பக்கத்தில் டாம்சின் விசிறியோடு. ஹெஸ்டர் வந்து மண்டியிட்டாள்.

"மகாராஜா! முப்பத்தொரு வருஷமா நான் உங்களுக்கு உண்மையான பொண்டாட்டியா இருந்தேன்."

வசனத்தில் இருப்பது இருபது வருஷம். நான் உதட்டை அசைக்காமல், "இருபது, இருபது" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"முப்பத்தொண்ணு, மகாராஜா! அதுல பத்தொன்பது வருஷம் உங்க காலுறையை நான்தான் தச்சேன். குனிஞ்சா கிழியும்னு மாத்து ஜோடி வேற எடுத்துக்கிட்டு வந்தேன். பத்தொன்பது தடவை என் தலையை வெட்டினீங்க, நான் ஒரு வார்த்தை பேசினேனா? இந்தத் தடவை கத்தியே வேணாம்னு கையைத் தூக்கியே வெட்டிட்டீங்களே!"

பின் வரிசையில் யாரோ ஒரு பெண்மணி, "அப்படிப் போடும்மா!" என்றாள். இன்னொருத்தி நோட்டுப் புத்தகத்தோடு பெட்டிஃபரிடம் போய் இது எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேட்க, அவர் புது ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய? மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. "தேவி, இதை அரண்மனையில் பேசிக்கொள்வோம்" என்றேன்.

"எந்த அரண்மனை, மகாராஜா? நான் ஒருத்தியே ஒட்டடை அடிக்கிறேனே, அதுவா?"

எழுந்தாள். நடந்தாள். கட்டியக்காரன் வழக்கப்படி, "இங்கிலாந்து ராணி கேத்தரின், சபைக்கு வரவும்!" என்று மூன்று தடவை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. நிஜக் கேத்தரினும் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை, நாடகத்திலும் அப்படியேதான் இருக்கிறது! அதனால் அவள் வழக்கம்போல் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று நம்பி, டாம்சினின் தலையை வெட்டி, மூன்றாமவளை அடக்கம் செய்து, நாலாமவளைத் தள்ளிவைத்து, இன்னும் இரண்டு கல்யாணம் முடித்துவிட்டு, மணி அடித்த பிறகு தேடிப் போனேன். அவள் 2.52 ரயிலில் போயே போய்விட்டாள், அண்ணி.

இப்போது ஊரே என் மேல் பாய்கிறது. "அந்தம்மா இல்லாம எனக்கு முதுகுல ஊக்கு மாட்டக்கூட ஆளில்ல. போய்க் கூட்டிட்டு வாங்க சார்" என்கிறாள் டாம்சின். அடுத்த வருஷமும் அதே கேத்தரின்தான் வேண்டும் என்று பெட்டிஃபருக்குக் கடிதங்கள் குவிகின்றனவாம். என்னைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. ஆனால் என் முடிவில் மாற்றமில்லை. தீர்மானம் தீர்மானம்தான், சட்டம் சட்டம்தான், நான் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் நடக்கவில்லை. தகர டப்பாச் சாப்பாட்டைத் திறந்து சுகமாகச் சாப்பிடுகிறேன். குதிரை கட்டி இழுத்தாலும் பீட்டர்பரோ பக்கம் வருவதாக இல்லை. போனவள் அவளாக வரட்டும். இதை அவளிடம் உரக்கப் படித்துக் காட்டவும்.

தங்கள் முழங்கால் விரைவில் குணமாகவும், ரோஜாக்கள் இந்த வருஷமும் பரிசு வாங்கவும் ஆண்டவன் அருள்வாராக.

தங்கள் பணிவுள்ள,
கிளிஃபோர்டு பேக்ஷா

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. போய்ச் சேர இரண்டு நாளாகும் என்றார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. தங்கள் வீட்டு வேலிக்கு வெளியே, ரோஜாச் செடியருகில் நின்றுதான் இந்த வரிகளை எழுதுகிறேன். கையில் ஒரு மாதுளம்பழம் இருக்கிறது, கல்லறைக்கு அல்ல. மேலே எழுதியதில் தங்கள் முழங்காலைப் பற்றியதைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். தயவுசெய்து உரக்கப் படிக்க வேண்டாம். கை தூக்கியது தப்பு. அவள் இல்லாத வீட்டில் பூனைகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று "ஹெஸ்டர்" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டு அவள் வராவிட்டால் கதை எப்படி முடியும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. அதனால் இரண்டோடு நிறுத்திவிட்டு, இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன். மூன்றாவது தடவையை நீங்கள் கூப்பிடுங்கள், அண்ணி.