யோசித்துவிட்டுப் பாயும் வண்டி

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலமாக இருப்பவர் நீங்கள் எனக்குப் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை ஒருவர்தான். மற்றவர்களின் நிலைமையைக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

என் டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது ஒரே வண்டி, அதுவும் கிழம் என்பது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் தேர்வு மைதானத்துக்குப் போகும் மேட்டில் கொஞ்ச நாளாக அதற்கு மூச்சு வாங்குகிறது. சாப்பிடும்போது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிற உங்கள் மாப்பிள்ளையிடம் கார் கஷ்டத்தைச் சொன்னது என் தப்புதான். "புது வண்டி வாங்க நம்மால ஆகுமா? ஒரு டர்போ போட்டா இதுவே பறக்கும்" என்றார். புகையோடு வீணாய்ப் போகிற வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டால், அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்குமாம். காற்று இலவசம் என்பதால் எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பழைய இரும்புக் கடையில் யாரோ கழற்றிப் போட்ட டர்போவைப் பாதி விலைக்குப் பிடித்து வந்தார். காற்றுக்குழாய்க்கு வாஷிங் மெஷின் ஹோஸ், அதை இறுக்க அதே மெஷினின் கிளிப், சூடு தடுக்க என் கேக் தட்டு. பானெட் மூடவில்லை என்று அதில் ஓட்டையும் போட்டார். இப்போது வண்டியைக் கிளப்பினாலே 'உய்ங்' என்று ஒரு சத்தம். காதைத் துளைக்கிறது என்றால், "அதுதான் பவர்" என்கிறார்.

மறுநாள் பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு. ஹாரன் அடித்தால்கூடக் கண்ணாடியை இறக்கி 'சாரி' சொல்கிற மனுஷி. நான் பக்கத்து சீட்டில், கற்றுக்கொடுப்பவருக்கென்று இருக்கிற கிளட்சின் மேல் காலை வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். உறுமல் மட்டும் வந்தது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார். அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். சலவைக் கடை வாசலில் துணி காய்ந்த கொடியை அறுத்துக்கொண்டு போய் நடைபாதையில் ஏறி நின்றோம். பக்கக் கண்ணாடியில் யாருடைய பேண்ட்டோ தொங்கியது. சலவைக்காரர் நிதானமாக வந்து, "பேண்ட்டை மட்டும் எடுத்துட்டுப் போறீங்களே, சட்டையும் இருக்கு, செட்டா கொண்டு போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "டர்போன்னா அப்படித்தான். மிதிச்ச உடனே கேக்காது. கொஞ்சம் யோசிச்சிட்டு அப்புறம் மொத்தமா பாயும்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. இவரும் அதே ரகம்தான் அண்ணா. குழாய் சொட்டுகிறது என்று மாதக்கணக்கில் சொன்னாலும் அசையமாட்டார், திடீரென்று ஒருநாள் வீட்டிலிருக்கும் எல்லாக் குழாயையும் கழற்றிப் போட்டுவிடுவார்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் எதிர்த்தெரு ஸ்கூலுக்கு ஓடிவிட்டார்கள். மிச்சம் டாக்டரம்மா ஒருவர். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குத் தேர்வு. தேறினால் தன் கிளினிக் நர்சுகள் அத்தனை பேரையும் என்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தேறாவிட்டால் ஸ்கூலை மூட வேண்டியதுதான். இந்த வண்டியை வைத்துக்கொண்டு அவர் எங்கே தேறுவது? எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. உங்கள் கடையில் கல்லாவில் வந்து உட்காரச் சொன்னீர்களே, அந்த நாற்காலியை எனக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை லாரியை அனுப்பி இந்த வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டால் நல்லது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த மெஷினையும் கழற்றாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், டர்போவையாவது கழற்றிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள சக்கரமே இல்ல. வெறும் கூடுதான்" என்றார். சத்தம் ஹோஸ் ஓட்டையிலிருந்து வருகிறதாம். "அப்ப எப்படிப் பாயுது?" என்று கேட்டேன். என்னை என் சீட்டில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். உறுமியது, நகரவில்லை. குனிந்து பார்த்தவர், "கிளட்ச்ல இருந்து காலை எடுங்கக்கா. அதை நீங்க மிதிச்சிட்டிருந்தா வண்டி எப்படி நகரும்?" என்றார். எடுத்தேன், பாய்ந்தது. பிறகு டாக்டரம்மாவை வரவழைத்து, நான் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள, அந்த மேட்டில் ஏறிப் பார்த்தோம். பூப்போல ஏறியது. இத்தனை நாளும் மேட்டில் அதற்கு மூச்சு வாங்கியதே என் காலால்தானாம். வெள்ளிக்கிழமை என் சீட்டில் தேர்வு அதிகாரி உட்காருவார், ஆகவே டாக்டரம்மா தேறிவிடுவார். லாரி வேண்டாம், நாற்காலியையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வண்டி மேடு ஏறியதைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை தெருவெல்லாம் டர்போவின் பெருமையைப் பேசிக்கொண்டு திரிகிறார். பேசட்டும். சக்கரம் இல்லாததை அவரிடம் சொன்னால், என் காலைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும்.