மக்காச்சோளப் பனி

கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளையிடம் யாரும் கார் சாவியைக் கொடுக்காதீர்கள். அந்த மாப்பிள்ளை நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

பெரம்பலூரில் என் மச்சினன் குமார் புதுக் கார் வாங்கியிருந்தான். ஜெயங்கொண்டத்தில் அவனுக்குப் பேசி முடித்த பெண்ணுக்கு அன்று பூ வைக்கப் போகிறோம். மாப்பிள்ளைப் பையன் ஓட்டக் கூடாது என்று ஒரு சாஸ்திரத்தை அங்கேயே உண்டாக்கி, நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். கிளம்பியதிலிருந்து பனிப் புராணம்தான். பனியில் சட்டென்று பிரேக் போடக் கூடாது, தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், அதையும் மீறிச் சறுக்கினால் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும் என்று அளந்துகொண்டே போனேன். பக்கத்தில் என் மனைவி தூங்குவதுபோல் நடித்தாள். பின்னால் மாமியார் மடியில் பூத்தட்டோடு கேட்டுக்கொண்டு வந்தார். (பாவம், ஓடுகிற காரில் வேறென்ன செய்வார்.)

அரியலூர் தாண்டியதும் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். உதிர்த்த சோளம். எதிரே பஸ் வந்தது.

"மாமா, சோளம் கெடக்கு. மெதுவாப் போங்க," என்றான் குமார்.

"பனியிலயே ஓட்டுனவன்டா நான்."

குறைக்காமல் சோளத்தின்மேல் ஏற்றினேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் கோடியில் ஓர் அம்மா குனிந்து சோளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நான் உபதேசித்த அத்தனையையும் மறந்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. மஞ்சள் விளக்கு மினுக்கியது. கார் மட்டும் நிற்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. தரையில் பிடிப்பே இல்லையென்றால் அது என்ன செய்யும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஹாரனை அழுத்தினேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்தார். கார் அவரைத் தாண்டி வழுக்கிப்போய், சோள மூட்டைகளில் பொத்தென்று முட்டி நின்றது.

அவர் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. இறங்கி ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

"கும்புடுறது இருக்கட்டும். செதறுனத அள்ளுங்க," என்றார்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் குமாரும் அள்ளினோம்.

மீதி வழியைக் குமாரே ஓட்டி, நல்ல நேரம் முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெண்ணின் அப்பா எங்கள் கோலத்தையும் பம்பரில் தொங்கிய சாக்கையும் பார்த்து என்னவென்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைங்க. வர்ற வழியில ஒரே பனி."

பெண்ணின் அப்பா உச்சி வெயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே வாங்க என்றார். நல்ல மனிதர். கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் ஊருக்குப் போன் போட்டு, ரோடு முழுக்கப் பனி, வெளியே போகவே பயமாக இருக்கிறது என்றேன். மாமியார் நிதானமாகக் கேட்டார்:

"அங்க யாருங்க மாப்ள காயப்போட்டது?"