செத்தவர்கள் கை ஆட்டக் கூடாது

என் கையால் செத்தவர்கள் மொத்தம் பதினாறு பேர். எல்லாரும் என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். இன்றும் நலமாக இருக்கிறார்கள். மதியம் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் கட்டட நிர்வாகத்தின் கணக்கில் அவர்கள் செத்தது செத்ததுதான். கொன்றவன் நான்தான் என்பதற்கு, எதிர்ப்பக்கத் திடலில் நின்று அண்ணாந்து பார்த்த ஒரு கூட்டமே சாட்சி.

ஜாலான் புசார் சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. பல வருடம் ஒரே மேசையில் குனிந்து கிடந்த என்னை ஒருநாள் துறைத் தலைவர் ஆக்கினார்கள். கூடவே, ஒரு ஹோட்டலில் தலைமைத்துவப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே பேசியவர் நல்ல பேச்சாளர். "இன்றைய உலகத்தில் தலைவர் என்பவர் உத்தரவு போடுபவர் அல்லர், நம்பிக்கை ஊட்டுபவர்" என்றார். அடிக்கோடு போட்டுக்கொண்டேன். "பழைய பாதையிலேயே போகாதீர்கள்" என்றார். அதற்கு இரண்டு கோடு. மதியத்துக்கு மேல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைப் பற்றியும் ஏதோ பேசினாராம். எனக்குத் தெரியாது. (ஹோட்டல் பிரியாணி. கண் சொக்கிவிட்டது.)

ஆக, அந்தப் பயிற்சியிலிருந்து நான் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்: நம்பிக்கையாக இருப்பதுபோல் தெரிய வேண்டும். அலுவலகத்தில் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தேன். யாராவது கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் கண்ணை நேராகப் பார்த்துத் தலையாட்டினேன். வீட்டில் என் மனைவி கலா, "கழுத்து பிடிச்சிருக்கா? தைலம் தேய்க்கவா?" என்று கேட்டாள்.

எங்கள் மாடியின் ஃபயர் வார்டனாக இருந்தவர் வேலை மாறிப் போனதால், அந்தப் பொறுப்பும் பயிற்சிக்கு முன்பே என் தலையில் விழுந்திருந்தது. தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களைப் பத்திரமாக இறக்க வேண்டியவர் வார்டன். ஒரு சிவப்புத் தொப்பி, ஒரு விசில். அதற்கான விளக்கக் கூட்டம் என் பயிற்சி நாளிலேயே வந்தது. "நான் தலைமைத்துவப் பயிற்சியில இருக்கேன். படியில இறங்குறதுக்கெல்லாமா கூட்டம்?" என்று மனிதவளத் துறையில் சொன்னேன். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

ஒத்திகை நாள் வந்தது. காலையிலேயே ரோகிணி அக்கா என் மேசைக்கு வந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர், தூரத்தில் இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து தினமும் வருபவர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"செல்வம், இன்னிக்கு ஃபயர் டிரில் இருக்குல்ல? என்னால ஒம்பது மாடி இறங்க முடியாது. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"நீங்க லிஃப்ட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருங்கக்கா. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு நான் திரும்பி வர்றேன்."

"வருவீங்கல்ல?"

"என்னக்கா, நான்தானே லீடர்!"

அவர் சிரித்துக்கொண்டே போனார். நம்பிக்கை ஊட்டிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

மணி அலறியது. தொப்பியை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். மற்ற மாடிகளில் இந்நேரம் பாதிப் படி இறங்கியிருப்பார்கள். நான் உரையாற்றினேன். பதற்றம் வேண்டாம், நாம் ஒரு குடும்பம், இது வெறும் ஒத்திகை அல்ல, நம் ஒற்றுமையின் சோதனை, என்ற ரீதியில். எங்கள் இயக்குநர் டெஸ்மண்டும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை மெய் லிங்தான் கடைசியில், "செல்வம், தீ பிடிச்சிருக்கு லா, போலாம்" என்று எங்கள் ஊர் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

"எல்லாரும் என் பின்னால வாங்க!" என்று முதல் ஆளாகப் படியில் இறங்கினேன். (வார்டன் கடைசி ஆளாகத்தான் இறங்க வேண்டும், கழிவறை வரை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.)

மூன்றாவது மாடி வரை ஒழுங்காகத்தான் போனோம். அதற்குக் கீழே படியில் ஒரே நெரிசல். நின்று நின்றுதான் நகர முடிந்தது. அங்கே ஒரு கதவு தெரிந்தது. பழைய பாதையிலேயே போகாதீர்கள்! தள்ளித் திறந்தேன். வெளிச்சம், காற்று, திறந்த வெளி.

"இந்தப் பக்கம்!"

என் துறை மொத்தமும் என் பின்னால் வெளியே வந்தது. கடைசி ஆள் வந்ததும் கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது. எங்கள் பக்கம் கைப்பிடியே கிடையாது.

நாங்கள் நின்றது ஏர்கான் இயந்திரங்கள் வைத்திருக்கும் மொட்டைத் தளம். கீழே இறங்க வழியில்லை. சுற்றிலும் பெரிய பெரிய விசிறிகள் எங்கள்மேல் சுடுகாற்றை ஊதின. டெஸ்மண்ட் மரியாதையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செல்வம், நாம இங்கதான் வரணுமா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். எதிர்த் திடலில் கட்டடத்தின் மற்ற மாடிக்காரர்கள் எல்லாரும் வரிசை வரிசையாக நின்றார்கள். எல்லார் முகமும் மேலே, எங்களை நோக்கி. முன்வரிசையில் என் மைத்துனன் பிரகாஷ். அவனுக்கு அதே கட்டடத்தில் நான்காவது மாடியில் வேலை.

"மாமா! மேல என்ன பண்றீங்க?" என்று கத்தினான். கத்திவிட்டுக் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

நாங்கள் எல்லாரும் கை ஆட்டினோம். நான் விசில் ஊதினேன். கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். நிதானமான குரல்.

"ஒன்பதாவது மாடி. நேரம் முடிஞ்சிருச்சு. நீங்க எல்லாரும் செத்துட்டீங்க. தயவுசெய்து கை ஆட்டாதீங்க."

திடலே சிரித்தது. டெஸ்மண்ட் கையைக் கீழே இறக்கினார்.

"கதவைத் திறக்க ஆள் அனுப்புறேன். எல்லாரும் அங்கதானே இருக்கீங்க? யாராவது விட்டுப்போச்சா?" என்று அதிகாரி ஒலிபெருக்கியில் மறுபடி கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்காவது சரியான பதில் தெரிகிறதே என்று எனக்கு உற்சாகம். இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஜாலான் புசாருக்கே கேட்கும்படி கத்தினேன். "எல்லாரும் இருக்கோம்! ஒருத்தரும் விட்டுப்போகல!"

அப்போது என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ரோகிணி அக்கா.

"செல்வம்..." பின்னணியில் மணி அலறிக்கொண்டிருந்தது. "இது டிரில்தானே? நிஜமா ஒண்ணுமில்லையே? ஏதோ கருகுற மாதிரி வாசனை வருது. நான் இங்கயே இருக்கட்டுமா, மெதுவா இறங்க ஆரம்பிக்கட்டுமா? நீங்க வர்றேன்னு சொன்னீங்களேன்னு உக்காந்திருக்கேன்."

அதுவரை நடந்ததெல்லாம் வேடிக்கை. அந்த நொடியில்தான் லிஃப்ட் பக்கத்து நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்தில் நின்ற மெய் லிங் என் முகத்தைப் பார்த்தாள். "ரோகிணி எங்கே?" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தலையிலிருந்த சிவப்புத் தொப்பி எனக்குக் கனத்தது.

கதவு திறந்ததும் ஓடினேன். மேல்நோக்கி. கடைசி இரண்டு மாடியைக் கைப்பிடியைப் பிடித்துத் தவழ்ந்துதான் ஏறினேன் என்று சொன்னால் மிகையில்லை. பாதி வழியில் மணி நின்றுவிட்டது. ஒன்பதாவது மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தபோது அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். எதிரில் லிஃப்ட் திறந்து, காலியாக, மூடிக்கொண்டது.

"லிஃப்ட்தான் வேலை செய்யுதே செல்வம், ஏன் படியில வந்தீங்க?"

எனக்கு மூச்சு வரவில்லை. "அப்ப... நீங்க ஏன்க்கா... இறங்கல?"

"நீங்க வர்றேன்னு சொன்னீங்க. நான் பாட்டுக்கு இறங்கிட்டா, வந்து தேட மாட்டீங்களா?"

கருகிய வாசனை, யாரோ ரொட்டி வாட்டும் இயந்திரத்தில் அப்படியே விட்டுவிட்டு இறங்கிய ரொட்டியினுடையது. அது அவருக்கு எப்படித் தெரியும்? என் வார்த்தை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மணி அலறும் ஆளில்லாத மாடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் நான் கீழே விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்கா" என்றேன். அவர், "சரி விடுங்க செல்வம், அதான் ஒண்ணும் ஆகலையே" என்றார். டெஸ்மண்ட் அன்று முழுவதும் என்னோடு சரக்குக் கப்பல்களைப் பற்றி மட்டுமே பேசினார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த ஒத்திகைக்கு முன் விளக்கக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்டுக் கேட்டு அந்தப் பாதுகாப்பு அதிகாரியே களைத்துப்போனார். படியில் இறங்க முடியாதவர்களோடு ஒரு துணை ஆள் இருக்க வேண்டும், இருவரும் மாடிப்படி முகப்பில் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். துள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, இந்தத் தடவை நான் உங்களுக்கு ஆள் போட்டுர்றேன்" என்றேன்.

ரோகிணி அக்கா கொஞ்சம் தயங்கினார்.

"மெய் லிங்கிட்ட அப்பவே கேட்டுட்டேன் செல்வம். தப்பா எடுத்துக்காதீங்க. அவ கூட இருந்தா எனக்குப் பயமில்ல."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சரியென்று தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் முகம் கழுவினேன். மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. முதலாவது ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்காக இன்னமும் காத்திருக்கிறேன்.

பிரகாஷ் எடுத்த காணொளி முதல் ஒத்திகை நாள் மாலையே எங்கள் குடும்பக் குழுவில் வந்துவிட்டது. ஈசூனில் ஆரம்பித்து எல்லைக்கு அப்பால் ஜோகூர் வரை உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் யாராவது, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் போதும், ஒரு மூலையிலிருந்து, "எல்லாரும் இருக்கோம்! ஒருத்தரும் விட்டுப்போகல!" என்று என் குரலிலேயே பதில் வரும். நானும் சிரிப்பேன்.

கலாவுக்கு மட்டும் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், காணொளியில் இல்லாததையும். போன வாரம் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு வெளியே வந்தோம். நல்ல மழை. இரண்டு கையிலும் பைகளோடு நின்றவளிடம், "நீ இங்கயே நில்லு, நான் காரை எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"வருவீங்களா? இல்ல நானே பஸ் பிடிச்சுரட்டுமா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கலாவும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுத்தான் மழையில் இறங்கினேன். பஃபலோ சாலையைத் தாண்டும் முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இருவரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். அதற்குமேல் நடக்க மனம் வராமல் ஓட ஆரம்பித்தேன்.