மீன் பொய் சொல்லுமா?

"ஒண்ணு தண்ணி பொய் சொல்லுது, இல்லேன்னா மீன் பொய் சொல்லுது. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்று இரண்டு அறிக்கைகளையும் மேஜைமேல் விசிறினார் தலைமை அதிகாரி.

வேதியியல் ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் அவளுக்குத் 'துல்லியம்' என்றே பட்டப்பெயர். அவள் கைபட்ட பரிசோதனை தப்பியதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் கண்ணெதிரே கிடப்பதை என்ன சொல்வது? ஏரித் தண்ணீரில் ஆக்ஸிஜன் பேருக்குத்தான் இருந்தது. ஈயமும் அம்மோனியாவும் தாராளம். அதே ஏரியில் பிடித்த மீனிலோ புரதம் பிரமாதம், கொழுப்பு அளவோடு, ஈயம் மருந்துக்குக்கூட இல்லை. சாக்கடையில் முங்கி எழுந்தவன் சந்தனம் மணக்க வந்தது போல!

"தண்ணி நானே மொண்டு எடுத்தது சார். மீனும் என் கண்ணு முன்னால வலையில விழுந்ததுதான்."

"அப்போ உங்க குடுவைதான் அழுக்கு."

குடுவை அழுக்கா! கண்ணாடிச் சாமான் அத்தனையையும் அமிலத்தில் ஊறப்போட்டுத் தேய்த்துத் தள்ளினாள் துல்லியம்.

"மேடம், இன்னும் தேய்ச்சா குடுவையே கரைஞ்சிடும்" என்று உதவியாளர் பெண் கெஞ்சினாள்.

மறுபடி ஏரிக்குப் போய் எடுத்துவந்து பார்த்தார்கள். தண்ணீர் முன்னைவிட மோசம். மீன் முன்னைவிடப் புஷ்டி.

விடுவாளா? இரண்டையும் வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்து போன் வந்தது. "மீன் அருமைங்க. தண்ணிய மட்டும் ஏன் சாக்கடையில எடுத்தீங்க?"

இதைக் கேட்டதும் தலைமை அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில்: 'ஏரி மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம்.'

துல்லியம் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அவர் அறைக்குள் பாய்ந்தாள். "தண்ணி அறிக்கை எங்கே சார்?"

"அது ஜனங்களுக்கு எதுக்கும்மா? மீனைத்தானே சாப்பிடப் போறாங்க, ஏரியையா குடிக்கப் போறாங்க?"

"நாளைக்குக் குழந்தைங்க அதுல இறங்கிக் குளிச்சா யார் சார் பொறுப்பு? இன்னொரு தடவை சோதனை பண்ணியே ஆகணும்!"

"பண்ணிக்குங்க. நாளைக்குக் காலையில போங்க. ஏரியைப் பராமரிக்கிற கம்பெனிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"அவங்களுக்கு எதுக்கு?"

"எப்பவும் சொல்லிட்டுத்தானே போறோம்? ஒரு மரியாதைதான்."

வீட்டிலாவது நியாயம் கிடைக்குமென்று கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தி, "நல்ல மீன்னு போட்டிருக்கே, ஒரு கிலோ வாங்கட்டுமா?" என்றான்.

"வாங்கிட்டு வா. அதே சட்டியில உன்னையும் போட்டு வதக்கறேன். எழுந்திரு, தூண்டிலை எடு!"

நாளை வரை பொறுக்க அவளால் முடியவில்லை. அன்று சாயங்காலமே இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பொழுது சாயும்வரை ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. போட்ட புழு போட்டபடியே மேலே வந்தது.

"உன் கோபத்துக்குப் பயந்துதான் எதுவும் வரலை போல" என்றான் கணவன்.

அவள் வாயைத் திறப்பதற்குள், பெரிய தொட்டி ஏற்றிய லாரி ஒன்று பின்னோக்கியே ஊர்ந்து கரைக்கு வந்து நின்றது. இறங்கிய டிரைவர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தொட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே சளப் சளப்பென்று உயிர்மீன்கள் துள்ளின. தடித்த குழாயை ஏரிப் பக்கம் இழுத்துப் போட்டான்.

துல்லியம் பதறி ஓடினாள். "யோவ், நிறுத்துய்யா! உனக்கு அறிவிருக்கா? இந்தத் தண்ணியில விட்டா மீன் எத்தனை நாள் உசுரோட இருக்கும்?"

டிரைவர் சாவதானமாகக் குழாயைத் திறந்துவிட்டான்.

"அத்தனை நாளெல்லாம் எதுக்குக்கா? நாளைக்குக் காலையில டெஸ்ட் எடுக்கிறவங்க வந்துட்டுப் போற வரைக்கும் தாங்கினாப் போதும்னுதான் கம்பெனியில எப்பவும் சொல்லி அனுப்புவாங்க!"